பலகைக்கு அடியில்

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தேய்த்துக்கொண்டே இதை யோசிக்கிறேன். உள்ளே இருந்தது ஊசிப்போய்விட்டது. நான் சாப்பிடவே இல்லை. காரணம் கோலிக்குண்டு.

பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறவள் நான். மகள் அங்கேயே பத்தாவது. அவளுக்கு நான் அம்மாவா அக்காவா என்று கேட்பார்கள், அந்த வயசுதான் எனக்கு.

பௌதிக டீச்சர் இந்த வருஷம் பாடத்தை விளையாட்டாகவே நடத்துகிறார். தரையில் நாலு செங்கல், மேலே ஒரு பலகை, அடியில் ஏதாவது மரக்கட்டை. தூக்கிப் பார்க்கக் கூடாது. கோலியை உருட்டிவிட்டு, அது எங்கே முட்டி எப்படித் திரும்புகிறது என்று பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும்.

"கண்ணுக்கே தெரியாத துகளையெல்லாம் இப்படி மோதவிட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க" என்பாராம்.

அஞ்சாவதோடு நின்ற எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. இத்தனை பெரிய பிள்ளைகள் கோலி ஆடுகிறதே என்றுதான் இருந்தது.

ஆனால் ஜெயிக்கிற குழுவுக்கு மூன்று நாள் பயணம். துகள்களை மோதவிடுகிற பெரிய ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்கலாம். ஒரு மாதமாக என் மகளுக்கு அதே பேச்சு. கூடச் சேர யாரும் வராததால் அவளே தனிக் குழு.

இன்றுதான் போட்டி. காலையில் அந்த அறையைக் கூட்டும்போது துடைப்பம் இடித்துப் பலகை நகர்ந்தது. அடியில் ஒன்றுமே இல்லை!

கட்டையைக் குப்பையோடு வாரிவிட்டேனா? தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. கைக்கு எட்டியது என் பிளாஸ்டிக் டப்பாதான். அதை அடியில் தள்ளி, பலகையை நேராக்கிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆறு குழுவும் ஒவ்வொன்றாக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பத்து நிமிஷம் இருந்துவிட்டு வந்தன. கடைசி பீரியடில் விடை வாசித்தார்கள். நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டு காதை மட்டும் உள்ளே வைத்திருந்தேன்.

ஐந்து குழுவும் ஒரே விடை. "ஒண்ணுமில்லை டீச்சர்."

என் மகள் மட்டும், "வட்டமா ஒண்ணு இருக்கு டீச்சர். ஒரு சாண் அகலம். ஜன்னல் பக்கத்து மூலையில" என்றாள்.

வகுப்பே சிரித்தது. "ஏய் வட்டம், தூங்கிட்டியா உள்ள போய்?" என்றாள் முதல் ரேங்க்.

டீச்சருக்கே வருத்தம். "இல்லம்மா. நான் வேணும்னேதான் காலியா விட்டேன். இல்லாததை இல்லைன்னு சொல்றதுதான் இதுல கஷ்டம்."

"முட்டித் திரும்புதே டீச்சர்..." என்றாள் என் மகள்.

காலியா விட்டாராமே! அப்படியானால் கட்டை தொலையவே இல்லையா? வாயைத் திறந்தால் என் வேலை போகும். திறக்காவிட்டால் அவள் பயணம் போகும். டீச்சரிடம் "சரிங்க" தவிர நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாளியை வைத்துவிட்டு உள்ளே போனேன். "டீச்சர்... அதுக்கு அடியில... என் சாப்பாடு இருக்குங்க."

மறுபடி சிரிப்பு. டீச்சர் பலகையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

திக்கித் திணறி நடந்ததைச் சொன்னேன். "என் தப்புதாங்க. பாவம், மத்த பிள்ளைங்க சரியாத்தான் எழுதியிருக்கு. நான் இதை வச்சதாலதான்..."

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. ஐந்து குழுவையும் பார்த்தார்.

"டப்பா காலையில இருந்து இங்கேயே இருந்திருக்கு. ஒரு தடவை உருட்டியிருந்தாக்கூட முட்டியிருக்கும். அப்புறம் ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கடைசியில் முதல் ரேங்க் முனகினாள். "நேத்து பி பிரிவுக்கும் இதே விளையாட்டுதானே டீச்சர்... அடியில காலின்னு அவங்க சொன்னாங்க."

டீச்சர் டப்பாவை என் கையில் கொடுத்து, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

எதற்கு நன்றி? பலகையைத் தொட்டது நான். இல்லாத இடத்தில் வைத்தது நான். வழியெல்லாம் மகளைக் கேட்டேன், சிரிக்கிறாளே தவிர சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்தப் பிள்ளைகள் டீச்சர் மனசில் இருந்த விடையைத்தானே எழுதினார்கள், அது எப்படித் தப்பாகிப்போய், இவள் எழுதினது மட்டும்...

"அம்மா! மூணு நாளைக்கு எத்தனை டிரெஸ் வைக்கிறது? சீக்கிரம் வாயேன்!"