நாலு நாளாக யாரும் சாகவில்லை

அந்தச் சனிக்கிழமை குயின்ஸ்டவுன் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். எண்பத்து நான்கு வயது பாசில். அவர் மனைவி ஐவி. அவளுக்கு ஞாபகம் முக்கால்வாசி போய்விட்டது. அவளை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஹோபார்ட்டிலிருந்து வந்திருந்த மகள் ராஸ்லின். நான்காவது ஆள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் டாரில். அவன் பதினொரு மணிக்குத்தான் வந்தான்.

அதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

"இன்னைக்கு யாரு?" உள்ளறையில் பாசிலின் குரல்.

"யாருமில்ல."

"நல்லாப் பாரு, ஐவி."

"யாருமே இல்ல, பாசில்."

வாசலில் நின்ற ராஸ்லினுக்குக் கம்ப்யூட்டர் திரையின் முதுகும், அதற்கு மேலே இரண்டு முகங்களும்தான் தெரிந்தன. அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தது.

அவர் கேட்டது பேப்பரில் வருகிற மரண அறிவிப்புகளைத்தான். பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் பெரிய எழுத்தில் தானாக வந்து நிற்கும்படி டாரில் செய்து கொடுத்திருந்தான். தினமும் காலையில் ஐவியை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார் பாசில். முடிந்ததும், "நம்ம பேரு வரலைல்ல? அப்ப டீ போடலாம்" என்று ஒரு சிரிப்பு.

இந்த முறை சிரிப்பும் இல்லை.

"உங்களுக்கு மனசாட்சி இருக்காப்பா? ஞாபகமில்லாதவங்களை உக்கார வச்சுப் பரீட்சை நடத்துறீங்க. நான் வந்த நாள்லேருந்து இதேதான்."

பாசில் அவள் பக்கம் திரும்பவேயில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். கோப்பைக்குள் விரலை விட்டபடியே டீ ஊற்றினார். சுத்தமும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள் ராஸ்லின்.

"கூட்டிட்டுப் போ," என்றார்.

இரண்டு வருடமாக 'முடியாது' என்று நின்றவர். ராஸ்லினுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன திடீர்னு?"

"இனி அவளால ஒண்ணும் ஆகாது."

"அப்படியா? ஐம்பத்தெட்டு வருஷம் உங்களுக்கு ஆக்கிப் போட்டவங்கப்பா. பழைய துணி மாதிரி தூக்கிப் போடுறீங்க!"

"டாரிலை வரச் சொல்லியிருக்கேன். அந்தக் கம்ப்யூட்டரையும் அவன் எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு எதுக்கு?"

மனைவியும் கம்ப்யூட்டரும் ஒரே மூச்சில். ராஸ்லின் நாற்காலியை நகர்த்தி வழி பண்ணி, அம்மாவின் பெட்டியை இழுத்துப் போய் மழையோடு மழையாகக் காரில் வைத்தாள். அம்மாவுக்குக் கோட்டு மாட்டி வாசலருகே உட்கார வைத்தாள்.

டாரில் வந்தான்.

"சும்மா குடுக்கிறீங்களா பெரியவரே? அப்ப ஏதோ கோளாறு இருக்கணும். உங்களைத் தெரியாதா எனக்கு?"

பொத்தானை அழுத்தினான். உள்ளே விசிறி சுற்றியது. வழக்கமான 'டிங்' ஓசையும் வந்தது.

"பாத்தியா? குதிரை மாதிரி இருக்கு," என்றார் பாசில்.

டாரில் அவரை ஒருமுறை பார்த்தான். கேபிளைப் பிடுங்கி மாட்டினான். விசைப்பலகையில் ஒரு பொத்தானைத் தட்டினான். சின்ன விளக்கு எரிந்து அணைந்தது.

"மெஷினுக்கு உயிர் இருக்கு. உள்ள எல்லாம் ஓடுது. வெளிய காட்டத்தான் முடியல."

பாதியில் அணைத்து அணைத்து மறுபடி போட்டான். ஒருவழியாக நீலத்தில் ஒரு பக்கம் வந்தது. பழுது பார்ப்பதற்கான சேஃப் மோடுக்குள் போய்த் துழாவினான்.

"மாட்டிக்கிட்டான். கிராபிக்ஸ் டிரைவர். திரைக்குப் படம் அனுப்புற வேலைக்காரன் இவன்தான். செவ்வாய்க்கிழமை ராத்திரி தானா அப்டேட் ஆயிருக்கு. புது ஆளு சரியில்ல, பழையவனையே கூப்பிட்டுக்கலாம்."

பாசில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கிழமையா? அதுலேருந்து திரையில ஒண்ணும் வரலையா?"

"கரி மாதிரி கருப்பு."

"ஒரு எழுத்துகூட?"

"என்னப்பா கேள்வி இது?" என்றாள் ராஸ்லின். "நாலு நாளா அது முன்னாடி உக்காந்திருந்தது நீங்கதானே?"

கேட்ட பிறகுதான் கோப்பைக்குள் விட்ட விரல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

வாசல் பக்கம் வேகமாக நடந்த பாசில், அவள் நகர்த்தி வைத்திருந்த நாற்காலியில் மோதிக்கொண்டார். "ஐவி! இங்க வா, ஐவி!"

கோட்டோடு வந்து உட்கார்ந்தாள் ஐவி. டாரில் பழைய டிரைவரைப் போட்டதும் திரையில் மரண அறிவிப்புப் பக்கம் வந்தது.

"இன்னைக்கு யாரு?"

ஐவி குனிந்து பார்த்தாள்.

"டக்ளஸ் ப்ரூம்ஹால். தொண்ணூத்தி ரெண்டு வயசு. பர்னியில. இறுதிச் சடங்குக்குப் பூ வேண்டாமாம்."

பாசில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இவளுக்குப் படிக்க மறந்துபோச்சுன்னு நினைச்சேன்மா. என் ஞாபகம் இவளுக்கு, இவ கண்ணு எனக்கு. இப்படித்தான் ரெண்டு வருஷமா ஓட்டினோம். இவ மாத்திரை டப்பாவை இவளே படிச்சுச் சொல்லித்தான் நான் எடுத்துக் குடுக்கிறேன். அதுவும் போச்சுன்னா, என்னை நம்பி இவளை எப்படி இங்க வச்சுக்கிறது?"

ஐவி படித்துக்கொண்டே போனாள்.

"நாலு நாள் சேந்து பத்தொன்பது பேர் நிக்கிறாங்க," என்றான் டாரில் மெதுவாக.

இல்லத்தில் இனி ஒரு படுக்கை போதாது, இரண்டு கேட்க வேண்டும் என்பது ராஸ்லினுக்குத் தெரிந்தது. ஒரே இடத்தில் இரண்டு கிடைக்காது என்பதும் தெரிந்தது.

அவளுடைய போன் அடித்தது. இல்லத்திலிருந்துதான். இருட்டுவதற்குள் வந்துவிடுவீர்களா, கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

ஐவி பதினொன்றாவது பேரைப் படித்து முடித்திருந்தாள். பாசில் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கிளம்பலைங்க," என்றாள் ராஸ்லின். "எட்டுப் பேர் பாக்கி இருக்காங்க."