வெட்டப்பட்ட காட்சி

“டிஸ்க் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்க திரும்பச் சேர்த்திருக்கற கொலைக் காட்சியை நான் பார்க்கணும்” என்றாள் லியோனி, உட்காராமலே.

டாரில் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தான். பழைய திகில் படங்களை இயக்குநர் எடுத்தபடியே முழுசாக்கி டிஸ்க்கில் வெளியிடுவதுதான் மெல்பர்னில் அவன் பிழைப்பு. தணிக்கையில் போன இந்தக் காட்சியைத் தேடி வருஷக்கணக்காக அலைந்து, கடைசியில் ஓர் ஆட்டுப்பண்ணைக் கொட்டகையில் கண்டெடுத்திருந்தான். இவள் அதைத் தடுக்க வழக்குப் போட்டால் எல்லாம் போச்சு.

“தியேட்டர்ல வந்ததுல வெறும் அலறல்தான். அதுவும் வேற யாரோ குடுத்த குரல்” என்றாள் அவள். “இதுல அந்தக் கொலையாகற பொண்ணு பேசுதா?”

“ஒரே ஒரு வசனம். அப்புறம் கோடாலி. ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, இப்பவே சொல்லிட்டேன்.”

“போடுங்க.”

திரையில் யாரோ பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அடுப்படியில் நின்ற இளம்பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “கதவு தெறந்துதான் இருக்கு. உள்ள வா, டீ போட்டிருக்கேன்.”

“நிறுத்துங்க.”

கோடாலி வருவதற்குள் டாரில் நிறுத்திவிட்டான். லியோனியின் கை நாற்காலி முதுகை இறுகப் பிடித்திருந்தது.

“இதை எடுத்துடச் சொல்லப் போறீங்களா?” என்று கேட்டான்.

“இல்ல. மறுபடி போடுங்க. அந்த வசனம் மட்டும்.”

போட்டான். இன்னொரு தடவை கேட்டாள். அப்புறமும் கேட்டாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அவங்க உங்களுக்கு யாரு?”

“எங்கம்மா. இந்தப் படம் முடிஞ்ச கையோட கார் விபத்துல போயிட்டாங்க. நான் அப்ப தொட்டில்ல.” லியோனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவங்க குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

டாரில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி போட்டான்.