வலது கைச் சோதனை

“இடது கை வேணாம். வலது கையக் குடுங்க” என்றாள் ஜோதிலட்சுமி.

சுருளிராஜன் காக்கிச் சட்டையின் கையை மடக்கிவிட்டு நீட்டினார். பன்னீர் திராட்சைக் கொட்டையை அரைத்துச் சாறு எடுத்து அவளே தயாரித்த கிரீம் அது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பதமாகத் தடவினாள்.

அவர் கம்பம்–தேனி பஸ் டிரைவர். பதினாறு வருஷமாக ஜன்னலோரம் இருந்த வலது கை, இடது கைக்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தில் கறுத்திருந்தது.

“காலையில தேனிக்குப் போறப்பவும் வெயில் இந்தக் கையிலதான் விழுது. சாயங்காலம் திரும்புறப்பவும் இந்தக் கையிலதான். சோதனைக்கு இதைவிட நல்ல கை எங்கன கெடைக்கும், சொல்லுங்க?”

“கையை மட்டும் வச்சுக்கிட்டு ஆளை வீட்டை விட்டு அனுப்பிருவ போலயே.”

“ஆளைப் பத்தி மூணு மாசம் கழிச்சு யோசிப்போம்” என்று டப்பாவை மூடினாள்.

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். தெருமுனை திரும்பியதும் சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் அந்தக் கை வெயிலைப் பார்த்துச் சில நாளாகிவிட்டது.

இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். டிப்போவில் லைட் டியூட்டி போட்டார்கள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, கண்டக்டர்களுக்கு டிக்கெட் மெஷின் எடுத்துக் கொடுக்கும் வேலை.

அன்றைக்கே சொல்லிவிடத்தான் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே ஜோதி அவர் கையைப் பிடித்து இழுத்துச் செல்போனில் படம் எடுத்தாள். “இன்னியோட ஆரம்பிக்குது. உங்க கையை நம்பித்தான் நான் எறங்குறேன்” என்றாள். டிரைவர் பெண்டாட்டி என்று ஊரில் பெருமையாகச் சொல்லித் திரிகிறவள். வாய்க்கு வந்த வார்த்தையை அவர் விழுங்கிவிட்டார்.

அந்த முதல் வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு வாளியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் சமையலறையில் வாளி அப்படியே இருந்தது.

“குடுக்கலாம்னு நம்ம உத்தமபாளையம் ஸ்டாப்பு வரைக்கும் ஓடுனேன். வண்டி போயிருச்சு” என்றாள் ஜோதி. அவருக்கு உயிர் வந்தது.

மறுநாளும் கையை நீட்டச் சொன்னாள். அதற்கு மறுநாளும்.

மூன்று மாதம் ஓடியது. தேனியில் மகளிர் குழுக்களின் பொருள் கண்காட்சி. தேர்வாகும் பொருளுக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள விற்பனைக் கடையில் நிரந்தரமாக ஒரு இடம். ஜோதி அதற்காகத்தான் அடுப்படியிலேயே கிடந்தாள். நான்கு தடவை கிரீம் திரிந்துபோய், ஐந்தாவது தடவைதான் பதம் வந்தது.

தேர்வு செய்ய வந்தவர் மகிமா என்ற தோல் டாக்டர். “ஆன்டிஆக்சிடன்ட்னு எல்லாருந்தான் எழுதி ஒட்டுறாங்க. யாருக்காவது போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பாத்தேன் டாக்டர். தெனமும் வெயில்ல கெடக்கிற ஒரு டிரைவர் கையில” என்று சொல்லிவிட்டு ஜோதி வாசலைப் பார்த்தாள்.

டாக்டரோ பக்கத்தில் காக்கிச் சட்டையோடு நின்ற சுருளிராஜனைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, ஜோதியின் செல்போனில் இருந்த முதல் படத்தோடு ஒப்பிட்டார். இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே நிறம்.

“மூணு மாசத்துலயா? டெய்லி வண்டி ஓட்டிக்கிட்டேவா?”

சுருளிராஜன் டாக்டர் பிடித்திருந்த கைகளை இழுத்துக்கொண்டார். தலையை ஆட்டினால் போதும், ஜோதிக்குக் கடையில் இடம் கிடைத்துவிடும். அதே கிரீமை நம்பி நாளைக்கு இன்னொருத்தன் வெயிலில் கையை நீட்டுவான்.

“இல்ல டாக்டர்” என்றார். “நான் வண்டி ஓட்டி மூணு மாசமாச்சு. இடுப்பு சரியில்ல. டிப்போவுல ஃபேனுக்கடியில உக்காந்திருக்கேன். வெயில் படாததால வெளுத்த கை இது. ஏம் பொஞ்சாதிக்குத் தெரியாது. அவமேல தப்பில்ல.”

ஜோதியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேல்பாண்டியண்ணே, இங்கன வாங்க” என்று ஜோதி கூப்பிடும் சத்தம் கேட்டது.

ட்ரிப்பை முடித்த கையோடு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான் வேல்பாண்டி. சுருளிராஜனின் பஸ்ஸை இப்போது ஓட்டுகிறவன். வலது கைச் சட்டையைச் சுருட்டி டாக்டரிடம் நீட்டினான். முழங்கைக்குக் கீழே பாதிவரை வெளுத்த நிறம். அதற்குக் கீழே, கோடு கிழித்ததுபோல நல்ல கறுப்பு.

“மேல்பாதியில மட்டுந்தான் தெனமும் தடவச் சொன்னாக” என்றான் அவன். “பஸ்ல ஏறுறவுகளெல்லாம் ஏங் கையப் பாத்துச் சிரிக்கிறாக டாக்டர்.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். “சோதனைன்னா இப்படித்தான் பண்ணணும்” என்று சொல்லித் தாளில் டிக் போட்டார்.

சுருளிராஜனுக்கு அந்தச் சாப்பாட்டு வாளி ஞாபகம் வந்தது; அன்றைக்கு அவள் வண்டியைத் தவறவிடவில்லை, ஓட்டியவனைப் பார்த்திருக்கிறாள். மெதுவாக ஜோதியின் பக்கம் நகர்ந்தார்.

“எல்லாம் தெரிஞ்சுமா எனக்குத் தெனமும் காலையில தடவிக்கிட்டிருந்த? எதுக்கு ஜோதி?”

அவள் டப்பாக்களை அடுக்கியபடியே சொன்னாள்:

“இன்னிக்காவது சொல்வீகளான்னு பாக்கத்தான்.”