புள்ளி

கம்பெனி வக்கீல் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நர்ஸ் மேல மட்டும் கேஸை வச்சுக்கிட்டு எங்களை விட்ருங்கம்மா. தப்பா அழுத்துனது அந்தப் பொண்ணுதான். நாங்களே வந்து சாட்சி சொல்றோம். சீக்கிரமா முடிஞ்சிரும்."

நுகர்வோர் கோர்ட்டு வராந்தா. மறுகோடியில், சுவரோரமாக ஜெனோவா நின்றிருந்தாள்.

நர்ஸ் வேலை போய் இரண்டு வருடமாகிறது அவளுக்கு.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் கருவி, அந்தக் கம்பெனி செய்தது. மணிக்கு நாலு புள்ளி ஐந்து மில்லி என்று அழுத்தினேன் என்றாள் ஜெனோவா. கருவி நாற்பத்தைந்தாக ஏற்றியிருந்தது.

ஏறியது இவள் புருஷனுக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் போய்விட்டார்.

அன்று வார்டில் எல்லார் முன்னாலும் ஜெனோவாவை அறைந்தவள் இவள்தான். வழக்கிலும் முதலில் எழுதச் சொன்னது அந்தப் பெயரைத்தான். அப்போதே இந்த வக்கீல் வந்திருந்தால் தலையாட்டியிருப்பாள்.

போன வாய்தாவில் கம்பெனி என்ஜினியர் கூண்டில் ஏறினார். சாவுக்கு அடுத்த மாதம் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் புது மென்பொருள் அனுப்பியதை ஒப்புக்கொண்டார். மாற்றியது ஒன்றே ஒன்று. புள்ளி பதிவாகும் விதம்.

எதற்கு என்றதற்கு, வழக்கமாகச் செய்வதுதான் என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அவள் நேராக முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நர்ஸ் பேரை எடுத்துருங்க. கம்பெனி மட்டும் இருக்கட்டும்."

அவளுடைய வக்கீலே திடுக்கிட்டுத் திரும்பினார். அவரிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

மென்பொருளில் எந்தத் தப்பும் இல்லை என்று கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"தப்பே இல்லன்னா, அப்புறம் எதை சார் திருத்துனீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் காகிதக் கட்டைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். பதில் தர அவகாசம் வேண்டும் என்றார்.

நீதிபதி வேறு தேதி கொடுத்தார்.

"இனி வருஷக்கணக்குல இழுப்பாங்கம்மா. டெல்லி வரைக்கும் போவாங்க" என்று முணுமுணுத்தார் அவள் வக்கீல்.

"போகட்டும். நானும் வாரேன்."

கடைசி வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஜெனோவா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இனி இங்கே வேலையில்லை. போய்விடலாம்.

போகவில்லை.

இவள் பெஞ்சில் ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.