மூன்றாவது மையித்து

"பேர் பதினாலு இரிக்கி சாச்சா. எண்ணினா பதிமூணு மையித்துதான் கிடக்கு."

ஸப்னா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மண் ஏற்றிவிட்டு வந்து வேலியோரம் குந்தியிருந்தேன். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடந்தது. கடல் காற்று வரவில்லை.

ஸப்னா எனக்கு மூத்தவர், என் காக்கா சீனிமுகம்மதுவின் மகள். கம்பஸில் படிக்கிறாள். சவளக்கடை வயலில் எடுத்த அந்த யுத்த சினிமாப் படத்தைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பிழை கண்டால் யாரும் திருத்தலாமாம். ஒரு வாரமாக அவள் அதைச் சரிபார்க்கிறாள். எந்த வருசம், எத்தனை நாள், எந்த வயல். நேரில் நின்றவன் என்று இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

"ஒரு பேரை எடுக்கணும். ஆரை எடுக்கிற?"

நான் கண்ணை மூடினேன்.

கடல் ஊருக்குள் வந்த வருசம், அதற்கு நாலு மாதம் முந்தி, வெள்ளாமை வெட்டிய கையோடு படம் எடுக்கிறவர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள். வைக்கோல் கட்டிக்கொண்டு நின்ற எங்களை மறித்து, செத்துக் கிடக்க ஆள் வேணும் என்றார்கள். பெயர் எழுதிக்கொண்டார்கள்.

சும்மா கிடப்பதும் ஒரு வேலை என்று அன்றுதான் அறிந்தோம்.

வரம்போரம் ஒருவர் பின் ஒருவராக விழச் சொன்னார்கள். விழுந்தோம். யாரும் சொல்லாமலே எல்லார் தலையும் வடக்கே போனது. முகம் மேற்கே, தொழுகிற திசையான கிப்லாவுக்குத் திரும்பியது. மையித்து என்றால் எங்களுக்கு அப்படித்தான் கிடக்கத் தெரியும்.

எங்களோடு வேலை செய்த பவிதரன் மட்டும் எழும்பி உட்கார்ந்து, தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டான்.

"எங்களோடதானே செத்த நீ. இஞ்சால திரும்பு," என்றார் அப்துல் ஸமட்.

கிழக்கே கெமராவோடு நின்றவர்களுக்கு எங்கள் பிடரிகள்தான் தெரிந்தன. கத்திப் பார்த்தார்கள். பிறகு கெமராவைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கனவு மாதிரி.

புகை விட்டார்கள். வெள்ளையாக, வெட்டிய அரிதாள் கட்டைகளுக்கிடையால் ஊர்ந்து வந்து காதுக்குள் போனது. வைக்கோல் மணம். விலாவுக்குக் கீழே நிலம் இளஞ்சூடாக இருந்தது. பதினொரு வயதில் மண்வெட்டி பிடித்தவன், பகலில் வயலில் படுத்தது அன்றுதான். எங்கேயோ ஒருவர் ஒரு சொல் சொன்னார், எல்லாச் சத்தமும் நின்றது. ஒரு கொக்கு எங்களையும் வயல் என்றே நினைத்து இடையால் மெல்ல நடந்து போனது.

மௌத்து இவ்வளவுதான் என்றால் பயமில்லை என்று நினைத்தேன்.

"சாச்சா, நித்திரையா? இன்னொண்டு இரிக்கி, வாசிங்க."

பிழைகள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரு வரி. நாற்பதுக்குப் பிறகு எழுத்துப் பழகியவன் நான். கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

இடமிருந்து மூன்றாவது சடலம், ஒரு கண்ணைத் திறந்து சிரிக்கிறது.

அந்த மூன்றாவது முகம்தான் அவளுடைய போனைத் திறந்தால் முதலில் வரும். கடல் காக்காவையும் கொண்டுபோனது, வீட்டையும் போட்டோ அல்பத்தையும் கொண்டுபோனது. அவள் பிறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ஏழு வயதில், டீவியில் அந்தப் படம் ஓடியபோது, மூன்றாவது ஆளில் விரலை வைத்து, வாப்பா இவரா என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

அவளுடைய உம்மா, லைலா மச்சி, அரிசி களைந்துகொண்டிருந்தா. திரும்பவில்லை.

"இதையும் பிழையெண்டு போட்டிருக்கானுகள்," என்றாள் ஸப்னா. "வாப்பா சிரிச்சாப் பிழையா?"

பெயர்களில் ஒவ்வொன்றாக இறங்கி, என் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்தப் பேரத்தான் எடுக்கணும் மகள்."

சீனிமுகம்மது.

அவள் போனில் இருந்த முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் நரைத்த தாடியைக் கையால் விலக்கிவிட்டுப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இது நீங்க."

"ஓம்."

"வாப்பா எங்க?"

"படுக்கல்ல. பேர் எழுதினாப்புறகு மெல்லக் கழண்டு, கெமராக்குப் பின்னால போய் நிண்டுட்டார். ஒங்கட உம்மா விடியவே சொல்லி அனுப்பியிருந்த. வயித்துல புள்ள இரிக்கக்குள்ள நீங்க மையித்தாக் கிடக்கப்படா எண்டு."

அந்தப் புள்ள என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மேற்கால நிண்டார். எங்கட மூஞ்செல்லாம் அவரத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்திச்சு. கத்திக் கத்திப் படம் எடுத்த அந்தக் கொழும்பு ஆள் நடக்கிற மாதிரி நடந்து காட்டினார். எனக்கு அடக்க ஏலாமப் போய்ட்டு."

அவள் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். புகை வந்தது. கொக்கு நடந்தது. மூன்றாவது மையித்து ஒரு கண்ணைத் திறந்தது. அங்கே நிறுத்தினாள். முகத்தில் அல்ல, அந்தக் கண் பார்க்கிற பக்கம், படம் முடிகிற கறுப்பு விளிம்பில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெயர்கள் பதிமூன்றாயின.

பிழைகளுக்கு வந்தபோது கை நின்றது.

"எப்படி நடந்தார் சாச்சா?"

முழங்கால் நொந்தது. வேலியைப் பிடித்து எழும்பினேன். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, நாடியைத் தூக்கி, வயிற்றை முன்னால் தள்ளி, மேற்கே பார்த்து நடந்தேன்.

மூன்றாவது எட்டில் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்கக்கூடாத இடத்தில் அடக்குகிறவர்களுக்குக் கோணுவதுபோல.