பூச்சி எழுத்து

"கழுத்து கழண்டு வுழுந்துடும் போல இருக்கு சார். காலையில ரெண்டு இட்லி தின்னது, அவ்ளோதான்," என்றாள் சுகன்யா, பின்கழுத்தை அமுக்கிக்கொண்டே.

மணி இரண்டரை. தவளக்குப்பம் கூட்டுரோட்டில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வெப்சைட் ஆபீஸ். மூன்று நாளாக அவள் ஒரே ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டெம்ப்ளேட்டில் குறையில்லை. தலைப்பு, தேதி, படத்தின் அடிவரி எல்லாம் நல்ல தமிழில் வந்தன. பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் போட்டது மட்டும் கொம்பும் புள்ளியுமாய்ப் பூச்சி ஊர்ந்தாற்போல் வந்து நின்றது.

"இருக்கிற கன்வெர்ட்டர் எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். எந்தப் பழைய ஃபான்ட்டுக்கும் ஒத்து வரல."

"ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்லி அனுப்பிடு," என்றார் முதலாளி பாக்யராஜ், தன் திரையை விட்டுத் தலையைத் திருப்பாமல்.

சுகன்யாவுக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பத்தாறு வயசு மனுஷன், எந்த வேலையையும் முடியாது என்று திருப்பி அனுப்பியவர் இல்லை. இதை மட்டும் முதல் நாளிலிருந்தே தள்ளிவிடப் பார்க்கிறார்.

அதற்குள் படியேறி வந்துவிட்டாள் அமுதம். அறுபதை நெருங்கும் வயசு, கரும்பு வெட்டிக் காய்ச்சுப்போன கை. கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். இரவுப் பள்ளி நடத்திய சாமிக்கண்ணு வாத்தியாரின் பீரோவிலிருந்து, அவர் செத்த பிறகு கிடைத்த ஃப்ளாப்பியில் இருந்த பழைய ஃபைல் அது. தெரிந்தவர்களிடம் சொல்லிப் பென்டிரைவில் போட்டு வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தவள் இவள்தான்.

"இன்னாடி கண்ணு, எழுத்து தெரியுதா?"

"இன்னும் இல்ல பெரிம்மா. ஒக்காருங்க."

"எதுக்குத் தெரிய மாட்டேங்குது?"

"அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ் எழுத்தோட வேஷம் கட்டி வுட்டுட்டாங்க. எதுக்கு எந்த வேஷம்னு பட்டியல் கெடச்சா கலைச்சிடலாம்."

"ராத்திரி கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவன் பகல்ல கரும்புச் சோகை உரிக்கப் போறாப்பல."

"அதேதான்."

அமுதம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கியதும் அவளாகவே பேசினாள்.

"நடவு முடிச்சி, கால் சேறு காயறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். பெட்ரமாக்ஸ் வெளிச்சம். பின்வரிசையில ஒருத்தி தூங்குவா, ஒருத்தி புள்ளைக்குப் பால் குடுத்துக்கினே எழுதுவா. முப்பத்திரண்டு பேரு. ஆளுக்கு ஒரு பக்கம் சொந்தமா எழுதினோம். வாத்தியாரு அதைப் புஸ்தகமாப் போடறேன்னு டைப் அடிச்சி வாங்கினாரு. கடலூர்ல தெரிஞ்ச அச்சாபீசுக்கு எடுத்துக்கினு போனா, அங்க இதே பூச்சி."

"அப்புறம்?"

"ஊரு சிரிச்சிது. நாத்து புடுங்கறவ எழுதினா எழுத்தும் அப்படித்தான் இருக்கும்னானுங்க. வாத்தியாரு, உங்க மேல தப்பு இல்லன்னு தலையில அடிச்சிக்கினாரு. ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனச்சோம். இன்னொரு தபா அச்சுக்குப் போவேணாம், மானம் போவுதுன்னு நாங்களே தடுத்துட்டோம். நோட்டை மூடினவங்கதான். இருபத்தஞ்சு வருஷமா எங்க போனாலும் கைரேகைதான் வெக்கறேன். அந்த நோட்டும் தானே புயல்ல வூட்டோட போச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

சுகன்யா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"சரியா எழுதினனா, தப்பா எழுதினனா? அத மட்டும் பாத்துச் சொல்லிடுடி."

பாக்யராஜின் நாற்காலி நகர்ந்தது. அவர் ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப்போட்டு எழுத ஆரம்பித்தார். இடப்பக்கம் இங்கிலீஷ் எழுத்து, வலப்பக்கம் தமிழ் எழுத்து. பேனா எங்கேயும் நிற்கவில்லை. கால்மணி நேரத்தில் தாளை நீட்டினார்.

"இத ஏத்திப் பாரு."

சுகன்யா ஏற்றினாள். பக்கம் ஒருதரம் வெள்ளையாகி, பிறகு தமிழாய் எழுந்து நின்றது.

அமுதம் திரையருகே போய், விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "நான்... அமுதம். இன்னிக்கு நாத்து நட்டேன். ராத்திரி என் பேரை எழுதினேன். வாத்தியார் என் கையைப் புடிக்கல."

விரலை எடுக்காமல் கேட்டாள். "சரியா இருக்கா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல பெரிம்மா."

"அப்ப அன்னிக்கு?"

"மிஷினு பண்ண தப்பு."

"மிஷினுக்குப் பயந்தா பேனாவ வுட்டேன்?" என்றாள் அமுதம். மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். பாக்யராஜ் எழுதிய தாளின் அடியில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனாலும் நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் இட்டாறேன். பன்னெண்டு பேரு செத்துட்டாளுங்க. மீதி வருவோம்."

பஸ் சத்தம் கேட்டதும் அவசரமாக இறங்கிப் போனாள். பாக்யராஜ் எழுந்து படி வரைக்கும் போனார். வாயைத் திறந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

"மூணு நாளா எங்க தேடியும் இது கெடைக்கல சார். நீங்க எங்கேந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள் சுகன்யா.

அவர் தாளை எடுத்து அந்தக் கோணல் பேரையே பார்த்தார்.

"எங்கேயும் கெடைக்காது. ஃப்ளாப்பியை எடுத்துக்கினு கஸ்டமர் வேற கடைக்குப் போயிடக் கூடாதுன்னு, எழுத்தை எல்லாம் இடம் மாத்தி வெச்சு, அன்னிக்கு அந்த வாத்தியாருக்கு டைப் அடிச்சுக் குடுத்த டிடிபி ஆபரேட்டர் நான்தான். திரும்பி எங்கிட்டயே வருவாங்கன்னு நெனச்சேன். தப்பு உங்களுது இல்ல, என்னுதுன்னு ஒரு வார்த்தை, முப்பத்திரண்டு பேருக்கு நான் கடன்பட்டிருக்கேன். இப்ப பஸ் ஏறிப் போச்சே, அந்தம்மாவுக்குக்கூட இன்னும் குடுக்கல."