நாலாவது டிக்

“தலைய இன்னும் கொஞ்சம் கலைச்சு வுடு ஜெசி. இப்பத்தான் சீவுன மாதிரி இருக்குது” என்றான் தானியேல்.

ஏழு வயது ஜெசிந்தா, அப்பா சொன்னபடி தங்கச்சியின் தலையைக் கிளறிவிட்டாள். நாலு வயது ஷைனி முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்று மிரட்டியதற்கு இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தாள். தானியேல் குஸ்கா சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய லுங்கியைப் போட்டு மூடினான். துலக்கிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களில் நாலை எடுத்து வாசலருகே உருட்டிவிட்டான். இப்போதுதான் வீடு அவன் நினைத்தபடி பாழாக இருந்தது.

எல்லாம் நர்சம்மா மஹ்பூபிக்காக.

தானியேலுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அவன் மனைவி சலோமி போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு சாவு விழுந்தால், வாராவாரம் போய்ப் பார்த்து வர அந்தப் பக்கத்துத் தொண்டு ஆஸ்பத்திரி ஒன்று ஆள் அனுப்பும். அப்படி வந்தவள்தான் மஹ்பூபி. பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, பேசுகிறதா, தகப்பன் எப்படி இருக்கிறார் என்று அவள் கொண்டுவரும் ஃபாரத்தில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எல்லாம் நன்றாக இருந்தால் அந்த வாரத்துக்கு ஒரு டிக். தொடர்ந்து நாலு டிக் விழுந்தால் பைலை மூடிவிடுவோம், அப்புறம் வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. இந்த அம்மா எப்போது தொலைவாள் என்றுதான் தானியேல் பார்த்திருந்தான். ஆனால் அம்மாவைப் புதைத்த நாளிலிருந்து வாயே திறக்காத ஷைனி, ஐந்தாவது வாரம் நர்சம்மா துணிப் பொம்மைக்கு ஊசி போடுவதைப் பார்த்து, “வலிக்குமா?” என்று கேட்டாள். அன்றைக்குத் திறந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை. அடுத்த கல்யாணம் எப்போது என்று கேட்டு ஊரே தானியேலைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தபோது, சலோமி எப்படிச் சிரிப்பாள் என்று கேட்ட ஒரே ஆள் மஹ்பூபிதான். சொல்ல ஆரம்பித்தவன் அரை மணி நேரம் அழுதான். அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது. அந்த அம்மா வராத சனிக்கிழமையை இப்போது அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதற்கு முன்னால் இரண்டு தடவை மூன்று டிக் வரை போய், கடைசி வாரம் எதையாவது நடித்துத் தப்பித்திருக்கிறான். இப்போதும் மூன்று விழுந்தாகிவிட்டது. இன்று நாலாவது.

ஐந்தரை மணிக்கு மஹ்பூபி பாத்திரங்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். “இன்னா தானியேலு, வீடு இப்டி இருக்குது?”

“ஒண்ணுமே ஓடல நர்சம்மா. சின்னது சாப்புடறதே இல்ல” என்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

சின்னது முறுக்கின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டது. மஹ்பூபி அதைப் பார்த்தாள். ‘சாப்பாட்டில் நாட்டமில்லை’ என்று எழுதினாள்.

பேச்சு எப்படி என்று கேட்டாள். வாயே திறப்பதில்லை என்றான் தானியேல். அதே நேரம் பொம்மைக்கு நேற்று ராத்திரி வாந்தி என்றும், பால்வாடி டீச்சர் மேல் பல்லி விழுந்து அவர் மேசை மேல் ஏறிவிட்டார் என்றும் ஷைனி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மஹ்பூபி கதை முழுவதையும் கேட்டு, பல்லி என்ன கலர் என்றும் விசாரித்துவிட்டு, ‘பேச்சு கம்மி’ என்று எழுதினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து குஸ்கா வாசனை ஊரைத் தூக்கியது. பக்கத்து வீட்டில் ஏதோ விசேஷம் போல என்று அவளே சொல்லி, அவளே தலையாட்டிக்கொண்டாள்.

தானியேலுக்கே பாவமாக இருந்தது. தங்கமான மனுஷிதான். அதற்காக இப்படியா ஏமாறுவது? முப்பது வருஷ சர்வீஸ் என்று வேறு சொல்கிறாள். இவளை வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி எப்படித்தான் நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் ஷைனி போட்டு உடைத்தாள். “நர்சம்மா, எனுக்கு டிக் போடாத. டிக் போட்டா நீ வர மாட்டியாம். அப்பா சொல்லுச்சு.”

தானியேலுக்கு உயிரே போய்விட்டது. ஜெசிந்தா தங்கச்சியின் வாயைப் பொத்தினாள். இனிமேல் எதைச் சொல்லி மழுப்புவது? கட்டிலுக்கு அடியிலிருந்து குஸ்கா சட்டியை அவனே இழுத்து முன்னால் வைத்தான்.

“தப்புதான் நர்சம்மா. நல்லாத்தான் இருக்கறோம். நீங்க வராம போய்ட்டா பழையபடி ஆய்டுவோமோன்னு பயம். அதான் இப்டிப் பண்ணிட்டேன். டிக் போட்டுக்கங்க.”

மஹ்பூபி கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையில் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து, ‘தகப்பன் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். இன்னும் ஆறு மாதமாவது வந்து பார்க்க வேண்டும்’ என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டாள்.

தானியேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டையுடன் ஓர் இளம்பெண் நின்றாள். பேர் ஹுமேரா என்றாள். அதே ஆஸ்பத்திரியின் புது நர்சாம். மூடிய பைல் வீடுகளை மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எட்டிப் பார்ப்பது வழக்கம் என்றாள்.

“மூடுன பைலா?” என்றான் தானியேல்.

பதில் சொல்ல வாயெடுத்த ஹுமேரா, ஃபாரத்தைச் சட்டென்று பைக்குள் திணித்த மஹ்பூபியைப் பார்த்துவிட்டாள்.

“மஹ்பூபிக்கா, மார்ச்ல ரிடையர் ஆனப்ப ‘எல்லாம் சரி’ன்னு இந்தப் பைல நீங்கதான மூடிட்டுப் போனீங்க, இப்ப இன்னா எழுதினு இருக்கீங்க?”